பச்சை வண்டியும் பாயோட வண்டியும்

12-2-58, புதன். விழுப்புரம்.

பனி. ஏழு மணி ஆகியும் எதிர்க்கடை போர்டு தெரியல. டெம்பரேச்சர் 98.4. இருமல் இல்லை. எடை போன வாரத்தைவிட அரை ராத்தல் கூட. நல்ல பிள்ளை சரோஜா.

குழாய்கிட்ட நான் போனா வீட்டுக்கார அம்மா கையில இருக்கிற குடத்தோட உள்ள போயிடறாங்க. பாதிக் குடம்னாலும் சரி. மாசி முடியறதுக்குள்ள இவரு கடையைக் காலி பண்ணணுமாம். கடைக்குப் பின்னாடி ரூமுல நான் வந்து படுத்ததுதான் காரணம். வாயைத் திறந்து சொல்லல, அவ்வளவுதான்.

இவரு போய்ப் பார்த்த வீடு, இதுவரைக்கும்:

ஸ்டேஷன் ரோடு மாடி. "சானட்டோரியம்" என்றதும் சாவி காணாமப் போச்சு.

கீழ்ப்பெரும்பாக்கம். அட்வான்ஸை வாங்கிட்டு மறுநாள் ஆள் விட்டுத் திருப்பி அனுப்பினாங்க.

தெற்குத் தெரு. "எங்க வீட்ல சின்னக் கொழந்தைங்க இருக்குதுங்க சார்." இதுக்குக் கோபப்பட முடியல. என் வீட்லயும்தான் ஒண்ணு இருந்துச்சு.

ஒரு வருஷம் ஒன்பது மாசம் சானட்டோரியத்துல கிடந்து, சுத்தமா குணம்னு டாக்டர்கிட்ட சீட்டு வாங்கிக்கினு வந்தவ நான். அந்தச் சீட்டுக்குக் கண்ணாடி போட்டு கழுத்துல மாட்டிக்கவான்னு கேட்டேன். இவரு சிரிக்கல.

என் பிள்ளை மல்லிகா தி.நல்லூர்ல அத்தைகிட்ட, இவரோட அம்மாகிட்ட. நாலு வயசுல விட்டது. வர்ற சித்திரைக்கு ஆறு. பொங்கலுக்குப் பார்க்கப் போனப்ப வாசல்படியிலயே நிறுத்திட்டாங்க, என்னை. அத்தை சொன்னது: "வூடுன்னு ஒண்ணு பாருங்க. நோவு நொடி அண்டாத எடமா இருக்கணும். அப்பறம் நானே இட்டாந்து வுடறேன்." வார்த்தை தவறாதவங்க. அதான் பயம்.

சாயங்காலம் இவரு ஒரு யோசனை சொன்னாரு. தையல் மிஷின் ரிப்பேருக்குச் சந்தை சந்தையா பஸ்ஸுல அலையற மனுஷன். "வண்டியே வூடா இருந்தா என்னா சரோ? உள்ளயே படுக்கலாம், சமைக்கலாம். எவன்கிட்டயும் சாவி கேக்க வேணாம்." சண்டையில லாரி ஓட்டினவரு, ஓட்டத் தெரியும். ரெண்டு வண்டி விலைக்கு இருக்காம். ஒண்ணு இங்க, ஒண்ணு திண்டிவனத்துல.

பைத்தியக்கார யோசனைன்னு சொன்னேன். அப்பறம் தூக்கம் வரல, நல்ல விதமா.

14-2, வெள்ளி

வெயில். நீலப் புடவை. (எங்கயாவது போறதுக்குன்னு புடவை கட்டி எவ்வளவு நாளாச்சு.)

கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னாடி நிக்குது முதல் வண்டி. சொந்தக்காரரு கோட்டக்குப்பத்து பாய், வயசானவரு, பழைய இரும்பு வியாபாரம். பட்டாளத்துக்காரன் ஏலம் விட்டப்ப எடுத்தாராம். ஆம்புலன்ஸ் வண்டி. உள்ள ஸ்ட்ரெச்சர் மாட்டற கொக்கி அப்படியே. அலமாரி, தண்ணி டிரம், ஒரு மடக்குப் பலகை. பக்கவாட்டுல அழிஞ்சும் அழியாம சிவப்புச் சிலுவைக் குறி.

பாய்: "ஒரு ஆணி மாத்தலம்மா. வந்தது வந்தபடி கீது. மழை வந்தா இந்த மூலையில ஒழுவும். மூணாவது கியர் கொஞ்சம் பேஜாரு பண்ணும். என்ஜின் சுத்தம். பார்த்துட்டு எடுங்க, ஜல்தி ஒண்ணும் இல்ல."

விக்க வந்தவரா, விக்காம இருக்க வந்தவரான்னு தெரியல. எனக்குப் பிடிச்சுப் போச்சு. என்ன நோவுன்னு இவரு முன்னாடியே சொல்லிட்டாரு போல. டீ குடுத்தாரு. குடிச்சதும் கிளாஸை நான் கீழ வைக்கப் போனேன். அவரு கையை நீட்டி வாங்கிக்கினாரு. அவ்வளவுதான். முகத்தைத் திருப்பிக்கிட்டு அழுதேன். "தூசுங்க" என்றேன். "ஆமாம்மா, இங்க தூசு ஜாஸ்தி" என்றாரு.

அரிசி அரை வீசை, மண்ணெண்ணெய், காந்தி ரிப்பன் வாங்கணும். ரிப்பன் மல்லிக்கு.

(காந்தி ரிப்பன்னு எழுதிட்டேன், கத்திரிப்பூக் கலர் ரிப்பன். டீச்சரா இருந்தவளுக்கு என்னாச்சு.)

16-2, ஞாயிறு. தி.வனம் போய் வந்தது

ரயில்ல. ஜன்னல் சீட்டு. பக்கத்துல உட்கார்ந்த அம்மா கூடையிலேர்ந்து மல்லாட்டை எடுத்துக் கடலையை உரிச்சுக் குடுத்தாங்க. யாருக்கும் தெரியாத ஊருக்குப் போறது எவ்வளவு சுகம்.

மேஸ்திரி ஷெட்டு, மெட்ராஸ் ரோடு மேல. வண்டியைப் பார்த்ததும் இவரு முகத்தைப் பார்க்கணுமே. பச்சையும் வெண்ணெய்க் கலருமா புதுப் பெயிண்ட். சண்டைக்கால லாரி, மேல மரவீடு. நாடகக் கம்பெனி முதலாளி ஒருத்தரு குடும்பத்தோட இதுலயேதான் ஊர் ஊரா போவாராம். கம்பெனி மூடிட்டாரு. மேஸ்திரி வாங்கி, தரை, கூரை, பலகை எல்லாம் புதுசா போட்டு, ரெக்சின் மெத்தை தைச்சு, ஜன்னலுக்குப் பூப்போட்ட கண்ணாடி போட்டு வெச்சிருக்காரு. கதவைத் திறந்தா வார்னிஷ் வாசனை. சமையலுக்குத் தகரம் அடிச்ச மேடை. அலமாரிக்குக் குமிழ். மல்லி உயரத்துக்கு ஒரு ஜன்னல்.

மேஸ்திரி: "புதுப்பொண்ணு மாதிரி கீது பாருங்க."

புதுப்பொண்ணுன்னா உள்ள என்ன இருக்குன்னு தெரியாதுன்னு அர்த்தமான்னு கேட்டேன். இவரு என் முழங்கையைக் கிள்ளினாரு.

17-2, திங்கள்

காலையிலேர்ந்து தகராறு.

பாய் வண்டி: என்ன கோளாறுன்னு தெரியும். விலை குறைச்சல். ஒழுகும். அழகு கிடையாது. தட்டினா எங்க தட்டினாலும் ஒரே சத்தம்.

பச்சை வண்டி: அழகு. ஒழுகாது(ன்னு மேஸ்திரி சொல்றாரு). விலை ஜாஸ்தி. பெயிண்ட்டுக்குக் கீழ என்ன இருக்குன்னு அந்த மேஸ்திரிக்கும் சாமிக்கும்தான் தெரியும்.

என் ஓட்டு பாய்க்கு. இவரு: "உனக்குப் பாயோட டீ புடிச்சிருக்கு." நான்: "உங்களுக்குக் குமிழ் புடிச்சிருக்கு." அப்பறம் மெதுவா ஒண்ணு சொன்னாரு பாருங்க. "அம்மா வந்து பார்ப்பாங்க சரோ. அந்தச் சிலுவைக் குறியைப் பார்ப்பாங்க."

சுரண்டிப் பெயிண்ட் அடிச்சுடலாமேன்னு சொன்னேன். ஆனா தி.நல்லூர் கரும்பு வண்டிக்காரங்க தினம் கூட்ஸ் ஷெட்டுக்கு வர்றாங்க. அந்த வண்டி என்னன்னு ஊருக்கே தெரியும்.

19-2, புதன்

கார்டு வந்துச்சு. அதுக்குள்ள சேதி போயிருக்கு. அத்தை சொல்லச் சொல்ல யாரோ எழுதினது. எழுத்துப் பிழை மூணு. "நோவாளிகளை ஏத்தின வண்டியில் என் பேத்தி கால் வைக்க மாட்டாள். வேறு பார்க்கவும். இங்கு அனைவரும் நலம். மல்லிகாவுக்கு முன்பல் விழுந்தது."

முன்பல் விழுந்துச்சாம். என் பிள்ளைக்கு.

பச்சையையே எடுங்கன்னு சொல்லிட்டேன்.

22-2, சனி

வண்டி வந்துச்சு. மல்லாட்டை மில்லுக்காரரு இவருக்குத் தெரிஞ்சவரு. மில்லு பின்னாடி காலி இடத்துல, புளியமரத்தடியில நிறுத்திக்கச் சொன்னாரு. கிணறு பக்கத்துலயே. யாரும் குடத்தை நகர்த்தல.

ஏத்தின சாமான்: ரெண்டு டிரங்க் பெட்டி, மிஷின் மூணு, அடுப்பு, என் தட்டு, என் டம்ளர், என் எச்சில் கப்பு (காலி), மத்த பாத்திரம், மல்லிக்கு வாங்கின சிலேட்டு.

பால் காய்ச்சினோம். பொங்கிச்சு. இவரு ஒரு தடவை ஹாரன் அடிச்சாரு. காக்கா எல்லாம் பறந்துச்சு. சந்தோஷமா இருக்கேன். எழுதவே கூச்சமா இருக்கு.

23-2, ஞாயிறு

மத்தியானம் ஓய்வுக்குப் படுத்திருந்தேன். டாக்டர் உத்தரவு, ரெண்டு மணி நேரம். படுத்துக்கிட்டே பக்கத்துப் பலகையைப் பார்த்தேன். மத்த பலகை எல்லாம் மேலேர்ந்து கீழ வரை ஒரே நீளம். என் பக்கத்துல மட்டும் நடுவுல ஒரு தையல் மாதிரி கோடு. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. விரலால தடவிக்கினே போனேன். ஆள் உயரம் நீளம். அகலம் ரெண்டு முழம்.

பழைய கதவா இருக்கும். அடைச்சிருப்பாங்க.

25-2, செவ்வாய்

ஜன்னல் ஒண்ணு சாத்தலன்னு மேஸ்திரி ஆளை அனுப்பினாரு. தச்சு ஆசாரி, சொட்டைத் தலை, வெத்திலை. வேலை முடிஞ்சதும் மோர் குடுத்தேன். இங்க கதவு இருந்துச்சான்னு கேட்டேன்.

"கதவா? இல்லம்மா. அந்த நாடகக்காரரு சம்சாரம் இதுலதான் போய்ச் சேந்துச்சு. அவிட்ட நட்சத்திரம். வாசல் வழியா எடுக்கக் கூடாதுன்னுட்டாங்க. வூடா இருந்தா செவுத்த இடிப்பாங்க. இது வண்டியாச்சே. நான்தான் வந்து பலகைய அறுத்தேன். அப்படிக்கா எடுத்தாங்க. ஆறு மாசம் ஆள் ஏறாம அடைப்புல நின்னுச்சு வண்டி. அப்பறம்தான் மேஸ்திரி வாங்கினாரு."

மோர்ச் சொம்பைக் கீழ வெச்சுட்டேன். ஆசாரிக்கு முகம் மாறிப் போச்சு. "உங்க வூட்டுக்காரருக்குத் தெரியுமேம்மா. விலை பேசறப்ப மேஸ்திரி சொன்னாரே."

இவரு சந்தையிலேர்ந்து வந்ததும் பையைக்கூட வைக்க விடல. தெரியுமா தெரியாதான்னு கேட்டேன். தெரியும்னாரு. "சொன்னா நீ வேணாம்பே. பாயோடது அம்மா வேணாம்பாங்க. மூணாவது வண்டிக்கு எங்க போவேன் சரோ?"

நல்லா திட்டினேன். மனசு ஆறல, இன்னும் கொஞ்சம் திட்டினேன். பாவம், சாப்பிடாமலே படுத்துட்டாரு.

ஒரு பொம்பளை இங்க கிடந்து செத்திருக்கா. நான் தலை வெச்சுப் படுக்கிற இடத்துல. என்ன நோவோ. பேரு என்னன்னு ஆசாரிகிட்ட கேட்காம விட்டேனே.

26-2, புதன்

யோசிச்சுப் பார்த்தேன். மல்லி வரணும். அத்தைக்குத் தெரியக் கூடாது. அந்தக் கோட்டு மேல என் புடவை மாட்டற கம்பியை அடிக்கச் சொன்னேன். இவரு ஆணி அடிச்சாரு, நான் புடவையை வரிசையா தொங்கவிட்டேன். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தரு பார்க்கல.

பாய்கிட்ட பொய் இல்ல. நாங்கதான் பொய்க்குப் போனோம்.

1-3, சனி

அத்தையும் மல்லியும் காலை பஸ்ஸுல. அத்தை வண்டியைச் சுத்தி மூணு தடவை வந்தாங்க, கோயில்ல சுத்தற மாதிரி. டயரைத் தட்டினாங்க. அடுப்பைப் பார்த்தாங்க. என்னையும் பார்த்தாங்க, மேலேர்ந்து கீழ வரைக்கும். "தேறிட்டே" என்றாங்க. புடவையைத் தொடல.

மல்லி அத்தையை "எம்மா"ன்னு கூப்பிடறா. என்னை "வியுப்புரம் அம்மா." ழ வரல, முன்பல் இல்ல. சிரிச்சேன். சிரிச்சுட்டுக் கிணத்தடிக்குப் போய் முகம் கழுவினேன்.

ஜன்னலைத் திறந்து சாத்தி, திறந்து சாத்தி, நாற்பது தடவை இருக்கும். குமிழ் ஒண்ணு கையோட வந்துச்சு. இவரு முகம்!

ராத்திரி அத்தையும் மல்லியும் மில்லு ஷெட்டுல படுக்கறதா ஏற்பாடு. நாலஞ்சு நாள் இருந்து பார்க்கிறாங்களாம். சரிப்பட்டா பிள்ளையை விட்டுட்டுப் போவாங்களாம்.

3-3, திங்கள்

இவருக்குக் கண்டமங்கலத்துல மிஷின் வேலை. எல்லாரும் வண்டியிலயே கிளம்பினோம். வேலை முடிஞ்சதும் இவரு வண்டியை அப்படியே பொம்மையார்பாளையம் விட்டாரு. மல்லி கடலைப் பார்த்ததே இல்ல. "யாரு இவ்ளோ தண்ணி ஊத்துனது?" வலை உலர்த்தறவங்ககிட்ட போய் "எங்க வூடு வந்திருக்கு பாரு"ன்னு வண்டியைக் காட்டினா. எங்க வூடுன்னா.

அத்தை அலையில நின்னு புடவையை முட்டி வரை தூக்கிக்கினு சிரிச்சாங்க. இந்தப் பன்னெண்டு வருஷத்துல அப்படிப் பார்த்ததில்ல.

திரும்பி வர்றப்ப மல்லி முன்சீட்டுல என் தோள்ல சாஞ்சு தூங்கிட்டா. எழுப்பல. முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கினேன், பழக்கம். தூக்கத்துல "எம்மா" என்றா. யாரைன்னு தெரியாது. நான் என்னையேன்னு எடுத்துக்கினேன்.

4-3, செவ்வாய்

பனி இல்ல. காலையில இருமல். ரெண்டு தடவை. கப்புல சிவப்பு.

வெத்திலையோன்னு பார்த்தேன். நான் வெத்திலை போடறதில்ல.

5-3, புதன்

மண்ணெண்ணெய் வாங்கப் போறேன்னு சொல்லிட்டு டாக்டர்கிட்ட போனேன். படம் எடுத்தாரு. வெளிச்சத்துல பிடிச்சுக் காட்டினாரு. பழைய இடத்துலயே. "திரும்ப சானட்டோரியம்தான்மா. வீட்ல குழந்தை இருக்கா?"

இருக்கு சார்.

"உன்கூடப் படுக்குதா?"

இல்ல சார், பாட்டிகூட. ஒரு தடவை தோள்ல தூங்குச்சு.

"உடனே தனியா அனுப்பிடு. ரெண்டு வாரம் கழிச்சுக் கொண்டாந்து காட்டச் சொல்லு. பயப்படாத."

மண்ணெண்ணெய் வாங்க மறந்துட்டேன்.

இவருகிட்ட கிணத்தடியில சொன்னேன். கயித்தைப் பிடிச்சுக்கினு அப்படியே நின்னாரு. வாளி தண்ணிக்குள்ள முழுகிப் போச்சு. "அம்மாகிட்ட நான் சொல்லிடறேன்" என்றாரு. வேணாம்னேன். நோவு திரும்பிடுச்சு, பிள்ளை அஞ்சு நாள் இங்க இருந்தாள்னு தெரிஞ்சா ஊருக்கே தெரியும். பள்ளிக்கூடத்துல பக்கத்துல யாரும் உட்கார மாட்டாங்க. நான் டீச்சரா இருந்தவ, எந்தப் பெஞ்சுல யாரு தனியா உட்காருவாங்கன்னு எனக்குத் தெரியும். குழாயிலேர்ந்து குடத்தை நகர்த்தறதை அவளும் பார்க்கணுமா? என்னோட போகட்டும். டாக்டர்கிட்ட இவரே பல்லைக் காட்டன்னு சொல்லி இட்டுக்கினு போயிடுவாரு.

"அப்ப என்னா சொல்லி அனுப்பறது?"

புடவையை நகர்த்தினா போதும்னேன். இவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆச்சு. அப்பறம் கிணத்துச் சுவத்துல உட்கார்ந்து அழுதாரு. சண்டைக்குப் போய் வந்த மனுஷன்.

6-3, வியாழன்

காலையில மல்லிக்கு ரெட்டைப் பின்னல், ரிப்பன் வெச்சு. பின்னாடி நின்னுதான் பின்னணும், நல்லதாப் போச்சு. வாயைத் துணியால கட்டிக்கினேன். ஏம்மா என்றா. சளின்னேன்.

அவளை இவரு மில்லு பார்க்க இட்டுக்கினு போனாரு. அத்தையை வண்டிக்குள்ள கூப்பிட்டு, புடவையை ஒவ்வொண்ணா எடுத்து மடிச்சு வெச்சேன். கோட்டைக் காட்டினேன். ஆசாரி சொன்னதைச் சொன்னேன். அவிட்டம், அடைப்பு, எல்லாம்.

அத்தை நெஞ்சுல கையை வெச்சுக்கினாங்க. "அய்யய்யோ, என் பேத்திய இதுல உக்கார வெச்சுக்கினா கடலுக்குப் போனீங்க?" இறங்கி ஓடினாங்க. திட்டு. இவரை, மேஸ்திரியை, நாடகக்காரரை. பத்து நிமிஷத்துல மூட்டை கட்டிட்டாங்க. சரியா வரும்னு தெரிஞ்சுதான் பண்ணினேன். இருந்தாலும் மூட்டையில அந்தச் சிலேட்டைத் திணிச்சப்ப அய்யோன்னு இருந்துச்சு.

அதுக்கப்பறம் நான் எதிர்பார்க்காதது. அத்தை திரும்பி வந்தாங்க. என் கையைப் பிடிச்சாங்க. நோவு வந்ததிலேர்ந்து தொடாத கை. "நீயும் கெளம்பு. இந்த எடத்துல உன்ன வுட்டுட்டுப் போக மனசு வரல. தேறி வந்த உடம்பு. அங்க வூட்லயே பின்கட்டுல இரு. புள்ளையும் கூட இருக்கும். யாரு இன்னா சொன்னாலும் நான் பாத்துக்கறேன். வா."

ரெண்டு வருஷமா ஒவ்வொரு நாளும் கேட்கணும்னு ஏங்கின வார்த்தை. வாயைத் துணியோட பொத்திக்கினு, கையை உருவிக்கினு, வரல அத்தைன்னேன். இவரு தனியா இருப்பாருன்னேன். "திமிரு" என்றாங்க. ஆமாம்னேன்.

மல்லி வரமாட்டேன்னு கத்தினா. "வண்டியில ஒண்ணும் இல்ல, எம்மா பொய் சொல்லுது. நான் எங்க வூட்லதான் இருப்பேன்." என்கிட்ட ஓடி வந்தா. நான் பின்னாடி நகர்ந்தேன். இன்னும் வேகமா வந்தா. நான் இன்னும் நகர்ந்தேன். கல்லு தடுக்கி விழுந்தா. முட்டியில தோல் போச்சு, ரத்தம்.

எழுந்து நின்னு, அழுகையை நிறுத்திட்டு, முட்டியை என்கிட்ட நீட்டினா. "ஊதி வுடும்மா" என்றா. வியுப்புரம் அம்மா இல்ல. அம்மா.

நான் மூச்சைப் பிடிச்சுக்கினு நின்னேன்.

அத்தைதான் குனிஞ்சு ஊதிவிட்டாங்க.